சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

எங்கள் தெருவில் யாராவது வெளியூர் போவதென்றால் முதலில் பையில் துணி எடுத்து வைக்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். "ஐயா, ஆத்தூர்ல தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க, வெள்ளிக்கெழமை திரும்பீருவனுங்க." அவ்வளவுதான் விஷயம். அங்கே யாரும் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி எந்தச் சட்டமும் இன்றைக்கு இல்லை. ஆனாலும் போய்ச் சொல்வார்கள். கோபம் ஆறின பிறகு இதை எழுதலாம் என்று பத்து மாதம் காத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லுக்குக் கிழக்கே அரசுப் பள்ளிகளில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சமூக அறிவியல் நடத்தினேன். வெள்ளைக்காரன் எப்படி வந்தான், என்னென்ன செய்தான், எப்படிப் போனான் என்று வருடம் தவறாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் நடத்திய பாடப் புத்தகங்களில் ரயில் இருந்தது, தபால் இருந்தது, உப்பு இருந்தது. எங்கள் தெரு மட்டும் ஒரு வரியில்கூட இல்லை.

அந்த வரியை நானே எழுதிவிடுகிறேன். வெள்ளைக்காரன் ஆட்சியில் சில சாதிகளைப் பிறவியிலேயே திருடர்கள் என்று சட்டம் போட்டு எழுதி வைத்தார்கள். எங்கள் சாதியும் அதில் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன், பெயரைச் சொன்னால் வாசிக்கிறவர் கை தானாகப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கும் என்பது என் அனுபவம். ரேகைச் சட்டம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வயதுக்கு வந்த ஆண்களின் பத்து விரல்களையும் மையில் உருட்டி எடுத்துக்கொண்டார்கள். தினமும் பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷனில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். திருடியவனுக்கு இல்லை, பிறந்தவனுக்கு.

என் அப்பாவின் அப்பா ஒரு சீட்டுக்காக ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறார். ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொல்லியிருக்கிறார். சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டிய ஊர் மணியக்காரர், தன் தோட்டத்தில் மஞ்சள் வெட்டு நடக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்துகொண்டார். இவர் அந்த வரப்புக்குக் கீழே நின்றார். "இருப்பா, வாரேன்" என்று காலையில் சொன்னவர் பொழுது இறங்கித்தான் எழுந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு தாத்தா நடந்து போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மறுநாள் பாலும் தெளித்து முடித்திருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் விஷயத்தில் சாமியும் கொடுக்கவில்லை, பூசாரியும் கொடுக்கவில்லை. சட்டம் போட்டது எங்கேயோ இருந்த வெள்ளைக்காரன்தான். ஆனால் மஞ்சள் வெட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஊர்க்காரர், எங்களோடு ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்தவர். இந்த இரண்டாவது ஆளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பேசினால் யார் வீட்டுத் தாத்தாவோ வந்துவிடுவார்.

சுதந்திரம் வந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமும் தாத்தா போய்ப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். பிறகு ஒருநாள் ஸ்டேஷனில் இருந்தவர், "இனிமே வர வேண்டாம், சட்டத்த எடுத்துட்டாங்க" என்றிருக்கிறார். தாத்தா நம்பவில்லை. வராமல் இருந்தால் பிடித்துப் போடுவதற்குத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். நினைத்ததில் என்ன தப்பு? ஊரே வந்து பொட்டு வைத்துக் கையெழுத்துப் போட்ட கல்யாணத்தை ஒருத்தன் வந்து 'நடக்கவில்லை' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் தெருவுக்கு வந்து, ஆட்களைக் கூட்டி, 'உங்களைத் திருடர்கள் என்று சொன்னது தப்பு' என்று சொல்ல ஓர் அதிகாரி வரவில்லை, ஒரு தலைவர் வரவில்லை. காகிதத்தில் எடுத்தார்கள், காகிதத்தோடு போயிற்று. தாத்தா சாகும்வரை போனார். பிறகு அப்பா போனார்.

அப்பாவுக்குத் தினமும் போகிற வழக்கம் இல்லை. ஊர் தாண்டும்போது மட்டும் சொல்வார். அவர் கடப்பாரையோடு கிணறு வெட்டப் போனவர், பிற்பாடு ரிக் லாரியில் ஏறி ஆந்திரா, மராட்டியம் என்று போர்வெல் போட்டவர். சங்ககிரியில் லாரி கிளம்பி நிற்கும், மற்ற ஆட்கள் எல்லாம் ஏறிக்கொண்டு ஹாரன் அடித்துக் கூப்பிடுவார்கள். இவர் முதல் நாளே ஸ்டேஷனில் சொல்லியிருப்பார், ஆனால் லாரி ஒருநாள் தள்ளிக் கிளம்பினால் அதையும் திரும்பப் போய்ச் சொல்வார். ஸ்டேஷன்காரர்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் வசதியாக இருந்தது. வந்ததுதான் வந்தாய், அந்த விறகைக் கொஞ்சம் பிளந்து போடு, அந்தத் தொட்டியைக் கழுவிவிடு என்பார்கள். ஊரில் ஆடு காணாமல் போனால், சைக்கிள் காணாமல் போனால், தானாக வந்து கும்பிடு போடுகிறவர்தானே முதலில் நினைவுக்கு வருவார்? கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். ஆடு வேறு எங்கேயாவது கிடைத்த பிறகு, "சரி போ" என்பார்கள். அப்பா அதையும் ஒரு நற்சான்றாகவே வைத்துக்கொண்டு என்னிடம் வந்து சொல்வார், என்னை அவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். "பாத்தியா சாமி, நம்ம மேல ஒண்ணும் இல்லீன்னு ஆயிருச்சு."

ஆறாம் வகுப்புக்கு என்னை நாமக்கல் விடுதியில் சேர்த்தார்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் அப்பா என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். நான் புதுப் பாவாடை கட்டியிருந்தேன், தகரப் பெட்டி கையில் இருந்தது. ஏட்டு நாற்காலியில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். "புள்ள நாமக்கல்ல தங்கிப் படிக்கப் போகுதுங்க. லீவுக்குத்தான் வருமுங்க" என்றார் அப்பா. ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொட்டப்புள்ளையுமா?" என்று சிரித்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். இரண்டு பாவாடை, ஒரு தட்டு, ஒரு சோப்பு. அவர் விரலால் தட்டைத் தூக்கிப் பார்த்தார். எனக்குப் பத்து வயது முடிந்து பதினொன்று நடந்தது. அன்றைக்கு வந்த கோபத்துக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை, ஏட்டின் மேலா அப்பாவின் மேலா என்றும் தெரியவில்லை. விடுதியில் அந்தத் தட்டை மூன்று தடவை சாம்பல் போட்டுக் கழுவினேன்.

வேலைக்கு வந்து, என் கையில் நாலு காசு புழங்கத் தொடங்கியதும் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இனிமேல் ஸ்டேஷன் பக்கம் போகக் கூடாது என்று. "சரீங்க சாமி" என்றார். எனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். என் கல்யாணத்துக்கே போய்ச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது, பந்தியில் இரண்டு காக்கிச் சட்டைகள் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களை எங்கள் சொந்தக்காரர்கள் என்று நினைத்து எங்களைப் பெரிய இடம் என்றார்கள். இதை இன்றைக்குச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்றைக்கு அடுக்களைக்குள் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

போன வருடத்து விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே மகள். நர்சிங் படித்துச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் தேர்வாகி, மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. அதற்காக அவள் ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் அந்த நாட்டு மொழி படித்தாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். எங்கள் ஊர் ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது, திங்கட்கிழமை இரண்டு சாட்சிகளோடு வாருங்கள் என்று. எல்லா வீட்டுக்கும் வருகிற சாதாரணப் போன்தான்.

எங்கள் வீட்டில் அது சாதாரணமாக இருக்குமா? பேத்திக்காக ஸ்டேஷன் போக வேண்டும் என்பது என்னோடு இருக்கும் அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. தொண்ணூறைத் தொடுகிற வயது, எழுந்து நிற்கவே கைத்தடி வேண்டும். சனிக்கிழமை காலையில் நான் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது வாசலில் ஆட்டோவில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"சொல்லீட்டு வந்துட்டனுங்க சாமி" என்றார். "புது எஸ்.ஐ. தங்கமான மனுசன். சேர் போட்டு உக்கார வெச்சாரு. எல்லாங் கேட்டாரு, எழுதிக்கிட்டாரு."

"என்ன எழுதிக்கிட்டாருங்கப்பா?"

"எங்கப்பன் காலத்துல இருந்து நாங்க சொல்லாம ஊர் தாண்டுனதில்லீங்கன்னு சொன்னேன். எழுவது வருசத்துக்கு மேல நானே வந்து சொல்லீட்டுத்தானுங்க போறேன், ஒருக்காகூடத் தவறுனதில்லீங்கன்னு சொன்னேன். புள்ளையும் அப்படித்தான், நம்பி அனுப்பலாமுங்கன்னு சொன்னேன்."

வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ஆனாலும், எழுதியது என்னவாக இருந்துவிடப் போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மகளும் நானும் சாட்சிக்கு இரண்டு பேரோடு போனோம். எஸ்.ஐ. தெற்கத்திக்காரர், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்லம்மா. ஆனா குடும்பத்துல ஒருத்தர் ரொம்ப வருஷமா போலீஸ் கண்காணிப்புல இருந்திருக்காரு. அதனால மேல் விசாரணை தேவைன்னு குறிச்சிருக்கேன்" என்றார்.

"எந்தக் குடும்பத்துலீங்க?"

"உங்கப்பாதான். அவரே சொன்னாரே. எழுபது வருஷமா ஸ்டேஷன்ல வந்து சொல்லிட்டுப் போறேன்னாரு. சும்மா இருக்கறவங்களை யாராவது ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போகச் சொல்வாங்களாம்மா? கண்டிஷன் பெயில்ல வந்தவங்கதான் கையெழுத்துப் போடுவாங்க. எழுபது வருஷம்னா என்ன கேஸோ, யாருக்குத் தெரியும்?"

என் அப்பா நாணயத்துக்குச் சாட்சியாகச் சொன்னதை அவர் குற்றத்துக்குச் சாட்சியாக எழுதிக்கொண்டார். நான் சத்தம் போட்டேன், எல்லாம் ஒரே மூச்சில் வந்தது, ரேகை, சீட்டு, மஞ்சள் வெட்டு, என் தகரப் பெட்டி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏதாவது பேப்பர் இருக்காம்மா?" என்றார். பேப்பர். எங்கள் மேல் குற்றம் சுமத்த ஒரு பிறப்பு போதுமாக இருந்தது, அது பொய் என்று சொல்லப் பேப்பர் வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவைப் பேசிவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன். "உங்களாலதான் புள்ளையோட பொழப்புப் போச்சு. கும்பிட்டுக் கும்பிட்டே எங்களையும் கள்ளனாக்கிட்டீங்க" என்றேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"நான் என்னங்க சாமி தப்பாச் சொன்னேன்?" என்றார். "ஒருக்காகூடச் சொல்லாமப் போனதில்லீன்னுதானே சொன்னேன்."

அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். பேத்தியின் வேலை போய்விட்டது, அதுவும் தன் வாயால் போய்விட்டது என்று அவருக்குப் புரிந்திருந்தது. எப்படிப் போனது என்பது மட்டும் புரியவே இல்லை.

நான் பேப்பர் தேடினேன். வீட்டில் இருந்த பழைய பாடப் புத்தகங்களை எல்லாம் பரணில் இருந்து இறக்கினேன், நான் சொன்னதுதான், ஒரு வரி இல்லை. தாலுகா ஆபீசில் கேட்டால் அவ்வளவு பழைய பதிவேடு எங்களிடம் இல்லை என்றார்கள். மூன்று தடவை ஸ்டேஷனுக்குப் போனேன், இரண்டு தடவை எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், ஒரு தடவை பார்த்துவிட்டு, "மேலே கேட்டிருக்கேன்மா" என்றார். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. மகள் சேலத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். மொழிப் புத்தகத்தை மட்டும் அலமாரியில் எடுத்து வைத்துவிட்டாள்.

கடைசியில் கிடைத்தது வீட்டிலேயே இருந்தது. மகளின் சாதிச் சான்றிதழ். அதில் எங்கள் சாதிக்கு நேரே 'சீர்மரபினர்' என்று அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் எத்தனை தடவை நகலெடுத்த காகிதம் அது! அதை எடுத்துக்கொண்டு மகளோடு மறுபடி போனேன். அவர் மேசையில் வைத்து, அந்தச் சொல்லில் விரலை வைத்தேன்.

"இதுக்கு என்ன அர்த்தமுங்க சார்?"

"இடஒதுக்கீட்டுல ஒரு பிரிவும்மா."

"எப்படி வந்த பிரிவுங்க?"

அவருக்குத் தெரியவில்லை. தேர்வுக்குப் படித்திருப்பார், ஒரு மதிப்பெண் கேள்வியாகக்கூட இருந்திருக்கும். நான் உட்கார்ந்து, வகுப்பில் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னேன். பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று எழுதி வைத்தவர்களை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம் என்று அரசாங்கமே சொல்லும் சொல் இது. பட்டியலில் இருந்ததற்கும் இதுதான் சாட்சி, எடுத்ததற்கும் இதுதான் சாட்சி. என் அப்பா மேல் எந்த வழக்கும் இல்லை, இருந்தால் உங்கள் ஸ்டேஷனிலேயே தேடுங்கள். எடுத்துவிட்டதை அவருக்கு யாரும் நேரில் வந்து சொல்லவில்லை, அதுதான் அவர் செய்த குற்றம்.

அவர் கம்ப்யூட்டரில் அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. "சாரிம்மா. எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலை" என்றார். தனக்கு மேலே இருந்தவரிடம் போனில் பேசினார். எங்கள் கண்ணெதிரிலேயே அறிக்கையைத் திருத்தி அனுப்பினார். பாஸ்போர்ட் வந்துவிடும் என்றார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

எழுந்து நின்றோம். அவர் சிரித்த முகத்தோடு சொன்னார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "எதுக்கும் பொண்ணு கிளம்புற அன்னைக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்கம்மா. இப்படி ஒரு குழப்பம் வந்ததால சொல்றேன். நல்லதுதானே."

"சரிங்க சார்" என்றேன்.

வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை எடுக்கும்போது மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, நீயும் சரின்னுட்ட" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். முப்பத்து மூன்று வருடம் நெஞ்சை நிமிர்த்திப் பாடம் நடத்திய வாய், ஒரு நொடி யோசிக்கவில்லை. ஏட்டு பெட்டியைத் திற என்றதும் திறந்தேனே, அப்படித்தான் இதுவும். வழியெல்லாம் என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

பாஸ்போர்ட் நாலு நாள் மிச்சம் இருக்கும்போது வந்து சேர்ந்தது. விசா வேலைகளும் முடிந்து அவள் கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை, திருச்சியில் விமானம். கார் தெருமுனை திரும்பியதும் அப்பா கேட்டார். "ஸ்டேஷன்ல சொல்லீட்டீங்களா சாமி?"

சொல்லவில்லை. போன் என் கையில்தான் இருந்தது, எண்ணும் அதில் இருந்தது. சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அப்பாவிடம் அதை எடுத்துச் சொல்லி விளங்க வைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது, கையை வைக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லீட்டனுங்கப்பா" என்றேன்.

"எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

அவர் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். எங்கள் வீட்டில் இருந்து, ஸ்டேஷனில் யாரும் போய்ச் சொல்லாமல் வெளியூர் கிளம்பிய முதல் ஆள் என் மகள்தான். அவள் அப்படிப் போவதற்கு, வாழ்நாளில் ஸ்டேஷனில் ஒரு பொய் சொல்லாத மனிதரிடம் நான் இரண்டு பொய் சொல்ல வேண்டியிருந்தது.